பட்டாளத்து நாய்க்கும் புரட்டாசி

லிஃப்ட் ஓடவில்லை. படி திரும்புகிற இடத்தில் காய்கறிப் பையை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றேன். ஹெ, ஹெ, ஹெ. இரைப்புகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய சீட்டி. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. என் மூச்சுதான் அது.

எனக்குத் தெரிந்த சத்தம். சித்தூர் வீட்டில், சாமி அறையில், இரண்டு சின்ன ஸ்பீக்கர்களிலிருந்து சாயங்காலம் முழுக்க வந்துகொண்டிருந்த சத்தம். உலகம் எரிந்து முடிந்த பிறகும் நடந்துகொண்டிருந்த ஒரு கிழட்டு நாயின் மூச்சு. ஐம்பதைத் தொடப்போகும் என் நெஞ்சுக்கூட்டுக்குள் அது எப்போது வந்து படுத்தது, தெரியவில்லை. எத்தனையோ ஊர் மாறினேன், எத்தனையோ வாடகை வீட்டுப் படிகள். எந்தப் படியிலோ என்னோடு ஏறியிருக்கிறது.

அப்போது அண்ணன் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். காலையில் சித்தூரில் பஸ் ஏறி, பாகாலா தாண்டித் திருப்பதி போய், இருட்டுவதற்குள் திரும்புவான். சென்டரில் புது மெஷின்கள் வந்தபோது பழையதை ஓரங்கட்டினார்கள். ஓரங்கட்டியதை அண்ணன் துண்டு துண்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்த அன்று, தூங்குகிற குழந்தையா என்று கண்டக்டர் தெலுங்கில் விசாரித்தாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டானாம். ஊர் வரும்வரை ஆடாமல் அணைத்துப் பிடித்திருந்ததில் கை மரத்துப்போய் வந்தான்.

எங்களுக்கு இரண்டு அறை. ஒன்று மழைக்கு ஒழுகும். ஒழுகாத அறையில் சாமி படங்கள் இருந்தன. சீரியல் பல்பு எரிவதற்காக அம்மா போட்டுவைத்த பிளக்கும் அங்கேதான் இருந்தது. ஆகவே கம்ப்யூட்டர் பெருமாள் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தது. வேறு இடம் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

அண்ணன் அதில் ஆடிய ஆட்டம் ஒரு நகல் சிடியில் வந்தது. பெரிய யுத்தம் ஒன்று முடிந்து, வென்றவனும் மிஞ்சாமல் தோற்றவனும் மிஞ்சாமல், வெறும் மஞ்சள் மண். கூடு மட்டும் நிற்கிற பஸ்கள். ஒரு குவளைத் தண்ணீருக்குத் துப்பாக்கி தூக்குகிற ஆட்கள். அதன் நடுவே ஒருவன் வடக்குப் பார்த்து நடக்கிறான். அவன் பின்னால் ஒரு நாய். கழுத்தில் இரும்புப் பட்டை, ஒரு காது பாதி, மூக்கைச் சுற்றி நரை. யுத்தத்துக்கென்று பழக்கிய நாய். யுத்தம் முடிந்துவிட்டதை அதற்கு யாரும் சொல்லவில்லை. எதிரில் ஆள் வந்தால் அண்ணன் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் அது பாய்ந்திருக்கும்.

நைனா, எங்கள் அப்பா, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். மாங்காய் மண்டியில் மூட்டை தூக்கியவர். இடுப்பு விட்டுப்போய் வீட்டோடு இருந்தார். அந்த வருஷங்களில் எங்கள் ஊரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் முளைத்தபடி இருந்தன. கூழ் டப்பாவில் அடைபட்டுக் கடல் தாண்டிப் போனது. கடலை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முதலில் கூழ் போனது, பிறகு பிள்ளைகள் போனார்கள்.

ஆட்டத்தில் நாயின் மேல் அம்பை வைத்து அமுக்கினால் திரையின் அடியில் ஒரு வரி இங்கிலீஷில் வரும். அதை நான் நைனாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

"பட்டாளத்து நாய். வயசாயிடுச்சி. உன்னயே பாக்குதுன்னு போட்டிருக்குது நைனா."

"என்னயா பாக்குது?"

"ஆடறவங்கள."

"நானுந்தான இங்க குந்திக்கினு கீறேன். பாக்கட்டும்."

அன்றைக்கு நைனாதான் அதற்குப் 'பெருசு' என்று பேர் வைத்தார். அதிலிருந்து அம்மாவுக்கு வசதியாகப் போயிற்று. சமையற்கட்டிலிருந்து கேட்பாள்: "பெருசு துன்னுச்சா?" நான் எட்டிப் பார்த்து, "எந்தப் பெருசுமா, உள்ள கீறதா, நாற்காலில கீறதா?" என்பேன். "ரெண்டும் ஒரே மாரிதான் இரைக்குது, எது கேட்டா இன்னா" என்பாள். நைனா சிரிப்பார். சிரித்தால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதனால் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்க முடியாது. நெருப்பு மூட்டிப் படுக்க வேண்டும். படுத்தால் அதுவரை நடந்தது பதிவாகிவிடும். பதிவானதை அழித்துப் பழைய இடத்துக்குப் போகவும் முடியாது. ஒவ்வொரு நெருப்புக்கும் நாய்க்கு ஒரு நாள் கூடும். ஆடாமல் இருந்தால் கூடாது. அண்ணன் இதைச் சொன்னபோது நைனா, "நல்லா கீது நாயம். நாம பாக்காட்டி அதுக்கு வயசே ஆவாது" என்றார்.

ஆவணி கடைசியில் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை உறுதியாயிற்று. ஐப்பசியில் கிளம்ப வேண்டும். அதே வாரம் ஆட்டத்தில், பாழடைந்த ஒரு பெட்ரோல் பங்கில் ஒரு கிழவன் வழி சொன்னான். வடக்கே துறைமுகம் இருக்கிறது. அங்கே கடைசிக் கப்பல் நிற்கிறது. கப்பலில் ஏறினால் ஆட்டம் முடிந்தது; அந்தப் பக்கத்தில் எரியாத தேசம். நாயும் வரலாம். ஆனால் பலகையில் அது தன் காலால் நடந்து ஏற வேண்டும். தூக்கிக்கொண்டு ஏற்ற விடமாட்டார்கள்.

நான் சொல்லி முடித்ததும் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தான்.

"இத்த அந்தக் கப்பல்ல ஏத்திட்டுத்தான் நான் ஏரோப்ளேன் ஏறுவேன்."

"ஆபீஸ்காரன் கேட்டா இன்னா சொல்லுவ? நாயி ஏறல சார், அதான் லேட்டுன்னா?" என்றேன்.

"ஏறும்டி. இன்னாமா நடக்குது பாரு. ஒரு மாசம் எதேஷ்டம்."

அந்த ஒரு மாதம் புரட்டாசியாக இருந்தது.

எங்கள் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசி பிறந்தால் கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிடுவோம். கருவாட்டுப் பானை வீட்டைவிட்டே வெளியே போகும். சனிக்கிழமை சொம்புக்கு நாமம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் 'கோவிந்தா' என்று வாசலில் நிற்கும். மலைக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு வேறு மாதிரி இருக்க யாருக்கும் தோன்றியதில்லை.

பிறந்த அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் வழக்கம்போல உட்கார்ந்தான். கொள்ளைக்காரர்கள் வழி மறித்தார்கள். பெருசு பாய்ந்தது. சண்டை முடிந்தபோது அதன் பின்னங்காலில் ரத்தம். அண்ணன் பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அதன் முன்னால் போட்டான். ஸ்பீக்கரில் மொறுக், மொறுக் என்று சத்தம் வந்தது.

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இன்னாடா அது?"

"நாயி துன்னுதுமா."

"இன்னா துன்னுது?"

அவனுக்குப் பொய் வராது. "கறி" என்றான்.

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். பெருமாளைப் பார்த்தாள். கீழே பார்த்தாள்.

"மேல அவரு நிக்கறாரு. கீழ நீ கறி போட்டுக்கினு கீற."

"மா, அது கறி இல்லமா. படம்."

"மேல இருக்கறதும் படந்தான். அத்த கும்புடறியா இல்லியா?"

எனக்குக் கிடைத்த இத்தனை படிப்பிலும் இன்றுவரை இதற்குப் பதில் கிடைக்கவில்லை. அண்ணனுக்கு மொட்டை போடுவதாக வேண்டுதலும் இருந்தது. கடல் தாண்டப் போகிறவன் மலைமேல் இருப்பவரோடு எதற்கு வம்பு வைத்துக்கொள்கிறான்? பையை மூடினான்.

நைனாதான் நாய்க்காகப் பேசினார். "பட்டாளத்து நாயிமே அது. ரொட்டியத் துன்னுட்டு சண்ட போடுமா?"

"நீ புரட்டாசில மூட்ட தூக்கல? சாம்பார் சோறு துன்னுட்டுத்தான தூக்குன?"

"தூக்குனேன். அதான் இடுப்பு போச்சி."

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விதி விதிதான். அன்றிலிருந்து பெருசுக்குக் காய்ந்த ரொட்டி, டப்பாவில் அடைத்த சோளம், பாறை இடுக்கில் முளைத்த ஏதோ காளான். போட்டால் முகர்ந்து பார்க்கும். அப்புறம் மெதுவாகத் தின்னும். அந்தத் தின்னும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. காகிதம் மெல்லுவது போல.

அது எங்களோடு சேர்ந்து புரட்டாசி இருக்கிறது என்பதில் அம்மாவுக்கு ஒரு பெருமையும் இருந்தது. பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள். ஆயுத பூஜை அன்றைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். மவுஸ் என்கிற எலிக்கு ஒரு பொட்டு, பெட்டிக்கு ஒரு பொட்டு. பிறகு, "பெருசு எங்க கீது, காட்டு" என்றாள். அண்ணன் காட்டினான். திரைக் கண்ணாடியில் அதன் நெற்றி இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். அண்ணன் நடந்ததும் நாயும் நடந்தது. சந்தனம் மட்டும் அந்த மஞ்சள் மண்ணில், யாரோ விட்டுப்போன நிலாவைப் போல, நின்ற இடத்தில் நின்றது. துடைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நாய் பின்தங்க ஆரம்பித்தது. முன்பு காலைச் சுற்றி வரும். இப்போது திரையின் ஓரத்தில் வந்து சேரும். அம்பை வைத்தால் வரும் வரியும் மாறியிருந்தது. "வந்துக்கினுதான் கீதாம், கொஞ்சம் நில்லுன்னு போட்டிருக்குது" என்று நைனாவுக்குச் சொன்னேன். அப்போதுதான் அந்த மூச்சில் சீட்டி சேர்ந்தது. அண்ணன் நான்கடி நடப்பான், நிற்பான். நான்கடி, நிற்பான். ஆளைப் பார்த்தால் இப்போது நாய் பாயவில்லை. அண்ணன் அதற்கு முன்னால் போய் நின்று சுட்டான். உலகம் எரிந்து முடிந்த இடத்தில் அவன் அத்தனை மெதுவாக நடந்ததைப் பார்க்க எனக்குக் கொட்டாவி வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று நினைக்கிறேன்.

புரட்டாசி கழிந்த அன்றைக்கு அம்மாவே வந்து நின்றாள். "போடு. வயிறு நெறயப் போடு." பையில் இருந்ததையெல்லாம் அண்ணன் கொட்டினான். பெருசு தின்றது. பழைய மொறுக் சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை. அடியில் வந்த வரியை நான் படித்தேன். "துன்னுதாம். ஆனா ஒடனே ஏந்திரிக்கலயாம்."

மறுநாள் அண்ணன் சென்டரில் கூட வேலை செய்யும் பையனிடம் கேட்டிருக்கிறான். அந்தப் பையன் சிரித்துவிட்டானாம். கறியே போடாமல் அத்தனை நாள் நடத்தினால் அந்த நாய் நிரந்தரமாகக் கிழடாகிவிடும், திரும்பாது என்று சொல்லியிருக்கிறான். எவன்டா கறி போடாமல் வைத்திருப்பான் என்றும் கேட்டிருக்கிறான். அண்ணன் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னான், யாரையும் பார்க்காமல்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"எனக்கின்னாடா தெரியும்" என்றாள். ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "அது நாயின்னு மேல நிக்கறவருக்குத் தெரியாதா?" என்றாள். அதற்கப்புறம் அன்றைக்கு அவள் சமையற்கட்டைவிட்டு வெளியே வரவில்லை.

துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது அண்ணன் கிளம்ப மூன்று நான்கு நாள்தான் இருந்திருக்கும். மஞ்சள் போய் சாம்பல் நிறத்தில் கடல். நாங்கள் முதலில் பார்த்த கடல் அதுதான். நைனா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அம்மா கதவில் சாய்ந்து நின்றாள். அண்ணன் பலகையில் ஏறினான். பெருசு முன்னங்கால் இரண்டையும் பலகையில் வைத்தது. இன்னும் ஓரடி வந்தது. படுத்துக்கொண்டது.

அண்ணன் இறங்கினான், மறுபடி ஏறினான். கறி போட்டு இழுத்தான். வேறு பக்கமாகச் சுற்றி வந்தான். பலகையில் ஓரடி, அவ்வளவுதான். கரையில் குடிசை போட்டு மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு பெண் இருந்தாள். அவளிடம் போனான். அவள் நாயைத் தொட்டுப் பார்த்தாள். இதற்கு மருந்து கிடையாது, வயசு என்றாள். பிறகு திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. கப்பலில் ஏறு. கரையில் இரு.

ஏறினால் ஆட்டம் முடியும். இருந்தால் ஒன்றும் ஆகாது. கப்பலும் போகாது, உலகமும் மாறாது.

அம்மாதான் முதலில் பேசினாள். "அந்தப் பொம்பள நல்லவளா?"

"தெரியலமா."

"சோறு போடுவாளா அதுக்கு? கேளு."

அண்ணன் அந்தப் பெண்ணின் மேல் அம்பை வைத்தான். நான் படித்தேன். "என் அடுப்பாண்ட படுத்துக்கட்டும்னு சொல்றா."

"அப்ப விட்டுட்டுப் போ" என்றாள் அம்மா.

நைனாவும் சொன்னார். "ஏறுடா. அது இன்னா ஒன்னப் புடிச்சிக்கினா கீது? ஏறு."

அண்ணன் அமுக்கவில்லை. கை எலியின் மேலேயே இருந்தது. நாங்கள் உவமை பேசுகிற குடும்பம் இல்லை. அந்த அறையில் யாரும் எதையும் எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒரு நாய் இருந்தது, அதை நாங்கள் ஒரு மாதம் ரொட்டியில் நடத்தியிருந்தோம், அவ்வளவுதான். கடைசியில் அண்ணன் கப்பலைவிட்டுத் தள்ளி வந்து, அந்தப் பெண்ணின் குடிசைக்கு வெளியே நெருப்பு மூட்டினான். நாய் பக்கத்தில் சுருண்டது. அவன் கம்ப்யூட்டரை அணைத்தான். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதைத் தொடவில்லை. பெட்டி கட்டினான்.

கிளம்புகிற அன்றைக்கு நாங்கள் எல்லோரும் மலைக்குப் போய், மொட்டை அடித்து, தரிசனம் முடித்து இறங்கினோம். அங்கிருந்தே அவன் சென்னை பஸ் ஏறுவதாக ஏற்பாடு. ஐப்பசித் தூறல். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலைகளுக்கு நடுவில் அண்ணனைத் தனியாகத் தெரியவில்லை. நைனா இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பாஸ்போர்ட்டுல தல நெறய முடியோட கீற. இப்பிடிப் போனா ஏரோப்ளேன்ல ஏத்துவானா?" என்றாள் அம்மா.

"பேசாம இரும்மே. மூஞ்சி அதே மூஞ்சிதான" என்றார் நைனா.

"முடியில்லாதப்ப ஒன்ன மாரியே கீறான். அதான் பயமா கீது."

அண்ணன் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான். சந்தனம் அவன் விரலில் ஒட்டியது. பஸ் வந்தது. வடமாலபேட்டை, புத்தூர் என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அம்மா வெளியிலிருந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏண்டா, அந்தப் பொட்டிய எப்பிடிப் போடறது?"

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் பொட்டி?"

"கம்ப்யூட்டரு."

"எதுக்கு நைனா?"

"அத்த அந்தப் பொம்பளயாண்ட உட்டுட்டு வந்துட்டோம். நல்லவளோ இன்னாவோ. சாயங்காலமானா போட்டுட்டுக் கொஞ்ச நேரம் குந்திக்கினு இருக்கலாம்னு பாத்தேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு கம்பிக்கு வெளியே கையை நீட்டி, காற்றில் வைத்தே சொல்லிக் கொடுத்தான். பெட்டியில் பெரிய பொத்தான் முதலில். அப்புறம் திரையில் இருப்பது. படம் வருகிறவரை எதையும் அமுக்கக் கூடாது. ஆட்டத்துக்கென்று இருக்கிற கப்பல் படத்தின் மேல் அம்பை வைத்து இரண்டு தரம் அமுக்க வேண்டும். மீதியைத் தங்கச்சி பார்த்துக்கொள்வாள்.

"நெருப்பு மட்டும் மூட்டாத நைனா. மூட்டுனா அதுக்கு ஒரு நாளு ஏறிடும்."

"மூட்டல. சும்மா பாத்துக்கினு இருப்பேன்."

"கப்பல்ல ஏறுன்னு வரும். அமுக்கிடாத."

"எனக்கு இன்னாத்துக்குக் கப்பலு?"

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அம்மாவின் பிடியிலிருந்து கை நழுவியது. பஸ் பின்னால் வந்து திரும்பியது. நைனா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த ஜன்னலோடு நான்கைந்து அடி போனார்.

"ஏண்டா, நடுவுல கரன்ட் பூட்டா? அது இன்னா ஆவும்?"

அண்ணன் மொட்டைத் தலையை முழுதாக வெளியே நீட்டிக் கத்தினான்.

"பதறாத நைனா. கரன்ட் வந்ததும் மறுபடியும் போடு. அது எங்கியும் போவாது, அங்கயேதான் கெடக்கும்."